ஏழாம் மெஷினுக்கு வந்த வண்டிகள்

செல்லத்தாயை வேலையைவிட்டு அனுப்பியது மொதலாளி என்று கம்பெனியில் பேசிக்கொள்கிறார்கள். இல்லை, அந்த வண்டிகள்தான் என்று சிலர் சொல்கிறார்கள். இரண்டும் பொய். லைன் சூப்பர்வைசர் மைதிலி, அதாவது நான்தான், நல்லெண்ணத்தோடு அவளைக் கெடுத்தேன். நல்லெண்ணம் என்றதும் யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அருள்புரத்தில் எங்கள் பனியன் கம்பெனி. மூன்று வரிசை, வரிசைக்குப் பதினைந்து மெஷின். நடு வரிசையில் பதினான்கு பேர் காங்கேயம் பக்கத்து ஒரே ஊர்க்காரர்கள். ஒரே கம்பெனி வேனில் வருவார்கள், ஒரே வேனில் போவார்கள், சண்டை போட்டாலும் ஒன்றாகத்தான் போடுவார்கள். அவர்களுக்கு நடுவே ஏழாம் மெஷினில் ஒரே ஒரு வெளியூர்க்காரி, செல்லத்தாய். அருப்புக்கோட்டை. ஓவர்லாக் டெய்லர், பனியன் துணியின் ஓரங்களைச் சேர்த்துத் தைப்பவள். வந்த புதிதில் அவள் கை வேகத்தைப் பார்த்துவிட்டு நானே கண் வைத்திருக்கிறேன்.

போன வருஷம் மழைக்காலத்தில் அவளுக்குச் சிக்குன்குனியா வந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் போனது, மூட்டுவலி போகவே இல்லை. காலையில் வந்ததும் சுடு டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விரல் மடங்குவதற்காகக் காத்திருப்பாள். மற்றவர்கள் இரண்டு பண்டல் துணி தைத்து முடிக்கும் நேரத்தில் அவள் ஒன்றைத்தான் முடிப்பாள்.

அந்த வேலை அவளுக்கு வெறும் வேலை இல்லை. அவள் புருஷனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று டயாலிசிஸ், எல்லாம் அவளுடைய இ.எஸ்.ஐ. கார்டில்தான். அவள் கம்பெனியில் இருக்கும்வரை கார்டு செல்லும். ஒருநாள் டீ நேரத்தில் பர்ஸைத் திறந்து அந்த அட்டையை எனக்குக் காட்டினாள்.

"எக்கா, அவுக உசுரு இதுக்குள்ளதேன் இருக்கு. நான் இந்த மெஷின விட்டு எந்திரிச்சேன்னா அவுக கட்டில விட்டு எந்திரிக்க மாட்டாக."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

தை மாதத்தில் வண்டிகள் வந்தன. மொதலாளி தங்கதுரையின் மகள் ஜனனி வெளிநாட்டில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து செய்த காரியம். முழங்கால் உயரத்தில் பன்னிரண்டு வண்டிகள். தலையில் துணிப் பண்டல் வைக்க ஒரு தட்டு, முன்னால் கேமராக் கண் ஒன்று. கட்டிங் டேபிளில் ஏற்றிவிட்டால் போதும். எந்த டெய்லரிடம் போவது என்று வண்டியே முடிவு செய்துகொள்ளும்.

"யாரு பாப்பா இதுக்குச் சொல்லிக் குடுக்கறது?" என்று கேட்டேன். ஜனனியை அவளுடைய ஏழு வயதிலிருந்து பார்க்கிறேன், இன்னும் பாப்பாதான்.

"யாரும் சொல்லித் தர்றதில்லீங்க்கா. ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு சின்ன மூளை இருக்குது. நியூரல் நெட்வொர்க்குன்னு பேரு. அது கொண்டுபோய் வெச்ச பண்டல் எவ்வளவு சீக்கிரமா தெச்சு முடியுதோ அவ்வளவு மார்க்கு."

"மார்க்கு வாங்காத வண்டி?"

"அந்த மூளைய அழிச்சுருவோம். நல்ல மார்க்கு வாங்குனதோட மூளையக் காப்பி எடுத்து, அங்கங்க சித்த மாத்தி, இதுக்குள்ள போட்டுருவோம். குட்டி போடற மாதிரின்னு வெச்சுக்கங்களேன். இருக்கறதுல கெட்டிக்காரக் குட்டி பொழைச்சுக்கும்."

அதோடு விடவில்லை. ஒவ்வொரு மெஷினிலும் ஒரு ஸ்கேனர் பொருத்தியிருந்தார்கள். பண்டல் தைத்து முடித்ததும் டெய்லர் அதன் சீட்டைக் காட்ட வேண்டும். வாரம் முழுக்கச் சேர்ந்த கணக்கை வைத்து ஜனனியின் கம்ப்யூட்டருக்குள் எங்கள் கம்பெனி மாதிரியே ஒரு நிழல் கம்பெனி ஓடும். அதே நாற்பத்தைந்து டெய்லர்கள், அதே வேகம். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வீட்டில் கறி வேகவைத்துக்கொண்டிருக்கும்போது அதற்குள் ஆயிரக்கணக்கான வண்டிகள் பிறந்து, ஓடி, குட்டி போட்டுச் சாகும். கடைசியில் ஜெயித்த பன்னிரண்டு மூளைகள் திங்கட்கிழமை காலையில் நிஜ வண்டிகளில் ஏறிவிடும்.

முதல் வாரம் குடித்தவன் மாதிரி மேஜைக் காலில் எல்லாம் முட்டின. எங்களுக்கு ஒரே சிரிப்பு. மூன்றாம் வாரம் சிரிப்பு நின்றது. அங்கமுத்து மெஷினுக்கு வெளியே காலை நீட்டி உட்காருவான் என்று அவை தெரிந்துவைத்திருந்தன. பத்தே முக்கால் டீக்கு மணி அடிப்பதற்கு ஐந்து நிமிஷம் முன்பே பண்டல் இறக்குவதை நிறுத்தின, இறக்கினால் டீ முடியும்வரை சும்மா கிடக்குமே. சத்தியமாக யாரும் சொல்லித் தரவில்லை. அட முருகா, உயிர் இல்லாததற்கு இவ்வளவு சூட்சுமமா என்று வாயைப் பிளந்தேன்.

ஐந்தாம் வாரம் அவை செல்லத்தாயிடம் வருவதை நிறுத்திவிட்டன.

நேராக வரும். ஆறாம் மெஷின் தாண்டியதும் அப்படியே திரும்பிவிடும். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். கை மெதுவாக ஓடினாலும் ஓடுகிற கைக்கு வேலையே வராவிட்டால் என்ன செய்வது? சுவரில் பெரிய திரை. சனிக்கிழமை சாயங்காலம் அதில் கடைசி இரண்டு பேர் சிவப்பில் வருவார்கள். மூன்று சனிக்கிழமை தொடர்ந்து சிவப்பில் வந்தால் வேலை கிடையாது. செல்லத்தாய் இரண்டு சனிக்கிழமை வந்துவிட்டாள்.

"இன்னும் ஒரு வாரந்தேன்க்கா," என்றாள். அழவில்லை. கர்ச்சீப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வண்டியைத் தூக்கி நொய்யல் ஆற்றில் எறிந்திருப்பேன். எறியவில்லை. அதற்குப் பதில் யோசனை செய்தேன். என் மண்டையில் யோசனை வராமலே இருந்திருக்கலாம்.

பனியன் கம்பெனியில் கை கொடுப்பது என்று ஒன்று உண்டு. ஒருத்திக்குக் காய்ச்சல், ஒருத்தி மாசமாக இருக்கிறாள் என்றால் பக்கத்து மெஷின்காரர்கள் அவள் பண்டலில் இருந்து ஆளுக்கு நாலு பீஸ் எடுத்துத் தைத்துக் கொடுத்துவிடுவார்கள். கணக்கு அவள் பேரில்தான். எந்த மொதலாளிக்கும் தெரியாது, எந்த சூப்பர்வைசருக்கும் தெரியாமல் இருக்காது. நடு வரிசையைக் கூப்பிட்டுப் பேசினேன்.

அங்கமுத்து காலை மடக்காமலே சொன்னான்: "அதுக்கென்னுங்க்கா, பதினாலு பேரு கை வெச்சா ஒரு பண்டலு ஒரு பெரிய இதுங்களா?"

எட்டாம் மெஷின் பிரியங்கா, "பாவமுங்க்கா, பண்ணிக் குடுத்தர்லாம்," என்றாள்.

திங்கட்கிழமை நாலாம் நம்பர் வண்டியை நானே கையால் தள்ளிக்கொண்டு போய் ஏழாம் மெஷினில் பண்டலை இறக்கவைத்தேன். பண்டல் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கைமாறிப் போய், தையல் ஆகித் திரும்பி வந்தது. செல்லத்தாய் சீட்டைக் காட்டினாள். பதினோரு நிமிஷம். அந்தக் கம்பெனியில் யாரும் பதினோரு நிமிஷத்தில் ஒரு பண்டல் முடித்ததில்லை. வாரம் முழுக்க அதையே செய்தோம். சனிக்கிழமை அவள் பேர் சிவப்பில் வரவில்லை.

அடுத்த திங்கட்கிழமை நாலாம் நம்பர் வண்டி யாரும் தள்ளாமல் தானாக ஆறாம் மெஷினைத் தாண்டி வந்து அவளிடம் நின்றது. நாங்கள் எல்லோரும் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தோம். செல்லத்தாய் தன் நெற்றியில் இருந்த குங்குமத்தைத் தொட்டு அதன் கண்ணுக்கு மேலே ஒரு பொட்டு வைத்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சின்னதாக ஒரு குலவையும் போட்டாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன், மடச்சி.

அதற்கு அடுத்த வாரம் நாலு வண்டிகள் வந்தன. அதற்கடுத்த வாரம் ஏழு. வந்ததை எல்லாம் நடு வரிசை தைத்தது. தைக்கத் தைக்க இன்னும் வந்தது. சனிக்கிழமைச் சிவப்பை ஆள் மாற்றி ஆள் வாங்கி, யாருக்கும் மூன்று வாரம் தொடராமல் பார்த்துக்கொண்டார்கள். பிரியங்காவுக்கு டீ குடிக்க நேரமில்லை. அங்கமுத்து காலை நீட்டுவதை விட்டுவிட்டான். அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்த நிழல் கம்பெனியில் ஏழாம் மெஷினில் ஒரு செல்லத்தாய் உட்கார்ந்திருந்தாள், அவளுக்கு மூட்டுவலி கிடையாது, அவளுக்கு இருபத்தெட்டுக் கை. அவளை நம்பி எத்தனை ஆயிரம் வண்டிகள் அங்கே பிறந்து வளர்ந்தன என்று எனக்கு எப்படித் தெரியும்?

பங்குனியில் அவளுக்குச் சிறந்த டெய்லர் பரிசு கொடுத்தார்கள். ஒரு ஹாட்பாக்ஸ். மொதலாளியே கொடுத்தார். அவள் பயந்துகொண்டேதான் வாங்கினாள். எல்லோரும் கைதட்டினோம். அன்றிலிருந்து அதில்தான் சோறு கொண்டுவந்தாள்.

சித்திரையில் ஒருநாள் பிரியங்கா என்னிடம் வந்து நின்றாள்.

"எங்கூரு மாரியம்மனுக்குப் பூச்சாட்டிப் போட்டாங்க்கா. காப்புக் கட்டீட்டா நோம்பி முடியற வரைக்கும் எல்லை தாண்டக் கூடாதுங்க. வேன்ல ஒருத்தரும் வர மாட்டோமுங்க, புதன்ல இருந்து சனி வரைக்கும்."

இந்த அம்மன் திருவிழா வருஷா வருஷம் நடப்பது. பதினான்கு பேருக்கும் லீவு எழுதிக்கொண்டேன். முன்பெல்லாம் அந்த நாலு நாளும் பண்டலை மற்ற இரண்டு வரிசைக்கும் நானே பிரித்துக் கொடுப்பேன். இந்த வருஷம் அது வண்டிகளின் வேலை. ஜனனியிடம் சொன்னதற்கு, "அதுகளே பாத்துக்குமுங்க்கா," என்றாள். வண்டிக்குப் பூச்சாட்டு தெரியுமா என்று எனக்கு ஒரு நொடி தோன்றியிருந்தால் போதும். தோன்றவில்லை. அந்த வாரம் குழந்தைகள் டீஷர்ட் ஆர்டர் ஒன்று சனிக்கிழமை கன்டெய்னர் ஏற வேண்டும், என் தலை முழுக்க அதுதான்.

புதன்கிழமை காலை. நடு வரிசையில் பதினான்கு காலி மெஷின், நடுவே செல்லத்தாய். பன்னிரண்டு வண்டிகளும் காலி மெஷின்களைப் பார்த்தன. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக அவளிடம் வந்தன. டீக்கு முன்பே அவள் இடுப்பு உயரத்துக்குப் பண்டல் குவிந்துவிட்டது.

"எக்கா!" என்று கூப்பிட்டாள். அந்தக் குரல் இப்போதும் என் காதில் இருக்கிறது.

ஒரு வண்டியைப் பிடித்து அடுத்த வரிசைக்குத் தள்ளுவதற்குள் மற்ற பதினொன்றும் அவளிடம் இறக்கிவிட்டுப் போயின. ஒரு மெஷினில் இறங்கிய பண்டலை வேறு மெஷினில் காட்டினால் சிவப்பு விளக்கு எரியும், ஸ்கேனர் ஏற்காது. அதனால் தைக்க மட்டும் மற்ற இரண்டு வரிசைப் பெண்களிடம் கெஞ்சி அள்ளிக் கொடுத்தேன். தைத்துக் கொடுத்தார்கள். செல்லத்தாய் சீட்டைக் காட்டினாள். காட்டிய உடனே வண்டிகள் இன்னும் வேகமாக அவளிடம் ஓடின. உதவி செய்தால் குவிகிறது, செய்யாவிட்டால் தேங்குகிறது. என்ன ஜென்மமடா இது! வியாழக்கிழமை அந்தப் பெண்களும் கையை விரித்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், தைப்பதெல்லாம் அவள் கணக்கில் போகிறது, அவர்களுக்கும் சனிக்கிழமைச் சிவப்பு இருக்கிறது.

நானே பிரியங்காவின் மெஷினில் உட்கார்ந்து தைத்தேன். எட்டு வருஷமாக மெஷின் மிதிக்காத கால். செல்லத்தாயின் விரல் கணுக்கள் வீங்கிப் பளபளவென்று இருந்தன. துணியைத் தள்ள முடியாமல் மணிக்கட்டால் தள்ளினாள்.

வெள்ளிக்கிழமை காலை ஜனனியிடம் போனேன்.

"பாப்பா, ஏழாம் மெஷினுக்கு மட்டும் வண்டி போகாத பண்ண முடியுமுங்களா?"

அவள் திரையிலிருந்து முகத்தை எடுத்து என்னைப் பார்த்தாள். "ஏனுங்க்கா? அவங்கதான நம்ம கம்பெனிலயே பெஸ்ட்டு?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் செல்லத்தாய் வெளியே போவாள் என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். ஒன்றுமில்லை என்று திரும்பி வந்துவிட்டேன்.

சனிக்கிழமை கன்டெய்னர் பாதி வயிற்றோடு நின்றது. மதியம் மொதலாளி கீழே இறங்கி வந்தார், பின்னால் மடிக்கணினியோடு ஜனனி. எங்கள் ஊரில் கோபம் ஏற ஏறத்தான் மரியாதை கூடும். தங்கதுரை ஏழாம் மெஷின் முன்னால் நின்று மிகவும் மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்க அம்முணி, போன மாசம் ஒரு நாளைக்கு நாப்பது பண்டல் தெச்சீங்களாமா. இந்த நாலு நாள்ல மொத்தமே அம்பது கூட வல்லீங்களே. என்னுங்க ஆச்சு?"

செல்லத்தாய் எழுந்து நின்றாள். ஜனனி மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். வண்டிக் கண் பிடித்து வைத்திருந்த பழைய படங்கள். பண்டல் பிரிகிறது, கைமாறுகிறது, ஆறு ஏழு மெஷின் சுற்றித் திரும்புகிறது. அந்தப் பெண்ணின் முகத்தில் கோபம் இல்லை, அழுகிற மாதிரிதான் இருந்தது. "ரெண்டு மாசத்து டேட்டாவும் பொய்யிங்க்கா. அத்தனை தலைமுறையும் பொய்யப் படிச்சே வளந்துருக்குது," என்றாள்.

"இத யாருங்க ஆரம்பிச்சது?" என்று கேட்டார் மொதலாளி.

செல்லத்தாய் என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"நாந்தேன்யா. நாந்தேன் எல்லாருட்டயும் கெஞ்சிக் கேட்டேன். அவுகள ஒண்ணும் சொல்லாதீக."

மொதலாளி என் பக்கம் திரும்பினார். "அம்முணி, உங்களுக்கு இது தெரியுமுங்களா?"

எனக்குக் கட்டிலில் கிடக்கும் புருஷன் இல்லை. வேலை போனாலும் எங்கள் வீட்டில் உலை கொதிக்கும். பத்தொன்பது வருஷமாக மொதலாளி என்னை நம்பிக்கொண்டிருக்கிறார், அந்த முகத்தில் காரித் துப்புவது போல் ஒரு பார்வை வந்துவிடுமோ என்ற பயம். அவ்வளவுதான் காரணம். அதற்கு மேல் ஒரு மண்ணும் இல்லை.

"தெரியாதுங்க," என்றேன்.

மெதுவாகத் தைத்ததற்காக அனுப்பியிருந்தால்கூட மூன்று வாரம் கிடைத்திருக்கும். கள்ளக் கணக்கு என்றதும் அன்று சாயங்காலமே அனுப்பிவிட்டார்கள். போவதற்கு முன் குழாயடியில் ஹாட்பாக்ஸைக் கழுவித் துடைத்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். நான் தலை நிமிரவில்லை. திங்கட்கிழமை வேன் வந்து இறங்கிய பதினான்கு பேரும் மஞ்சள் நீர்க் கறை போகாத கைகளோடு ஏழாம் மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிரியங்கா அன்றிலிருந்து என்னை அக்கா என்று கூப்பிடுவதில்லை. மேடம் என்கிறாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஜனனி பன்னிரண்டு மூளைகளையும் அழித்துவிட்டாள். ஏழாம் மெஷினை நம்பிய வம்சத்தில் ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை. ஒன்றுமே தெரியாத புது மூளைகளிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். இப்போது ஏழாம் மெஷினில் ஒடிசாப் பெண் ஒருத்தி உட்கார்ந்து பறக்கிறாள்.

வைகாசிக் கடைசியில் செல்லத்தாய் ஏதோ காகிதத்தில் கையெழுத்து வாங்கக் கம்பெனி கேட்டுக்கு வந்தாள். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை, என்னைக் கூப்பிட்டான். இளைத்துப் போயிருந்தாள். எல்லாக் கம்பெனியிலும் முதலில் மெஷினில் உட்காரவைத்து அரை மணி நேரம் தைக்கச் சொல்கிறார்கள், அந்த அரை மணியில் கை காட்டிக்கொடுத்துவிடுகிறது என்றாள். இப்போது ஒரு சின்ன ஷெட்டில் தைத்த துணிக்கு நூல் பிசிர் வெட்டுகிறாளாம். அங்கே கார்டு கிடையாது.

"இந்தக் கார்டு இந்த மாசத்தோட சரியாம்க்கா. ஊருக்குப் போறோம். அவுகளே சொல்லிட்டாக, இனி ஊசி குத்துனது போதும், ஊர்ல போய்ப் படுத்துக்கிறேன்னு."

எதற்குப் படுத்துக்கொள்வது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அவள் காலில் விழுந்துவிடலாமா என்று இருந்தது. வாட்ச்மேன் நின்றுகொண்டிருந்தான். விழவில்லை.

கையெழுத்துக் காகிதத்தை மடித்து அந்தப் பழைய பர்ஸுக்குள் வைத்தாள். கிளம்பும்போது ஞாபகம் வந்தவள் மாதிரித் திரும்பினாள்.

"எக்கா, அந்த நாலாம் நம்பரு வண்டி இன்னும் என் எடத்துக்கு வருதா?"

"வருது செல்லம்," என்றேன். "உன்னத் தேடிக்கிட்டு அங்கயே நிக்குது."

அவள் முகம் கொஞ்சம் மலர்ந்தது. "பாவம், அதுக்கு என்ன வெவரம் தெரியும்," என்றாள். பிறகு பல்லடம் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே ரோட்டைத் தாண்டிப் போனாள்.

உள்ளே வந்தேன். டீ மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருந்தது. நடு வரிசையில் நாலாம் நம்பர் வண்டி எதிரே வந்தது. அவள் வைத்த குங்குமப் பொட்டு அதன் கண்ணுக்கு மேலே காய்ந்துபோய் ஒட்டிக்கொண்டிருந்தது. வழியை விடாமல் நின்றேன். அது ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, தூணைச் சுற்றிப் போவது போல் என்னைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது.